யாரும் வராத நாள்



சித்திரை வெயிலில் நடந்து வருகிறவர்களுக்கு நீர்மோர் கொடுக்கவென்று தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். பானைகளை நிரப்பி, மோரில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு, ஓர் ஆளையும் உட்கார வைக்கிறார்கள். அன்றைக்கென்று பார்த்துக் கோடை மழை பிடித்துக்கொள்கிறது. தெருவில் ஈ காக்கை இல்லை. குடை பிடித்துக்கொண்டு போகிற இரண்டொருவருக்கும் தாகம் இல்லை. மாலையில் மோர் புளித்துப் போகிறது. பகல் முழுவதும் அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தவன் அன்று தருமம் செய்தானா, இல்லையா?

இதை விளையாட்டுக் கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம். இதே கேள்வியை வேறொரு உருவத்தில் வைத்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் நமது பங்குப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. இப்போது இங்கிலாந்து தேசத்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் என்னும் பகுதியில், நர்ஸாக வேலை பார்க்கும் மகளின் வீட்டில் இருக்கிறார். எல்லோரும் கைப்பேசியில் இரண்டு சொல் தட்டி அனுப்பிவிடும் இந்தக் காலத்திலும் நீல மையில் நான்கு பக்கம் எழுதுகிறவர் அவர். (அவரிடம் படித்தவர்கள் எழுத்துப் பிழைக்குக் கிடைத்த பரிசை மறந்திருக்க மாட்டார்கள்.)

அவர் இருக்கும் இடத்திற்கு அருகே லிசார்ட் முனை என்று ஓர் இடம் உண்டு. பிரிட்டன் பெருந்தீவுக்கு அதுவே தென்கோடி. நமக்குக் கன்னியாகுமரி எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. கடலுக்குள் பாறைகள் பல்வரிசைபோல நீட்டிக்கொண்டிருக்கும் பொல்லாத முனை. 1751-ம் ஆண்டில் எழுப்பிய கலங்கரை விளக்கம் அங்கே இன்றும் எரிகிறது. 1998 முதல் அதற்குக் காவலாளர் இல்லை, தானே இயங்குகிறது. அந்தக் கரையோரத்தில், வருகிறவர்களுக்குக் கடலையும் பறவைகளையும் கடல்நாய்களையும் காட்டி விளக்கம் சொல்லச் சிறு கூடங்கள் இருக்கின்றன. சம்பளம் வாங்காத தொண்டர்கள் முறை வைத்து அவற்றில் உட்காருகிறார்கள். நமது டீச்சரம்மாளும் அப்படி ஒரு கூடத்தில் வாரம் ஒரு நாள் உட்காருகிறார். அவர் எழுதியதில் ஒரு பகுதியை அவர் அனுமதியோடு தருகிறேன்.

“சுவாமி, காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்தேன். நாலு மணிக்குப் பூட்டினேன். நடுவில் ஒரு மனுஷர் வரவில்லை. மழையென்றால் நம்மூர் மழைபோல அடித்துப் பெய்து ஓய்கிற மழை இல்லை; சல்லடையில் சலித்ததுபோலப் பொழுதெல்லாம் விழுகிற மழை. கடலும் தெரியவில்லை, கலங்கரை விளக்கமும் பாதிதான் தெரிந்தது. தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்தேன். துண்டுக் காகிதங்களை அடுக்கினேன். பிளாஸ்கில் இருந்த தேநீரைக் குடித்தேன். திரும்பவும் கண்ணாடியைத் துடைத்தேன். வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: ‘அம்மா, இன்னிக்கு யாருக்கு என்ன செஞ்சீங்க?’ எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் செய்தது சேவையா, சும்மா உட்கார்ந்திருந்ததா? சொல்லுங்கள்.”

அவருக்குத் தனியாகப் பதில் எழுதியிருப்பேன். ஆனால் இந்தக் கேள்வி அவருடையது மட்டும் அன்று. நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருந்து, நோயாளி ஒருமுறைகூடக் கூப்பிடாமல் தூங்கிவிட, விடியற்காலையில் எழுந்து போகிறவர்களுக்கும் இது தோன்றும். குருக்களாகிய எங்களுக்கும் இது புதிதல்ல. சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, கொசுவை மட்டும் அடித்துவிட்டு எழுந்து வந்த நாட்கள் எல்லாக் குருக்களுக்கும் உண்டு.

முதலில், எளிதாகக் கிடைக்கும் விடையைப் பார்ப்போம். நல்ல எண்ணத்தோடு போனாய், அதுவே போதும் என்பது அந்த விடை. இதற்குப் பெரிய துணையும் இருக்கிறது. 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். அக்குவினாஸ் தோமாஸ் இதையொட்டிய ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்கிறார்: உள்ளத்தில் நிகழும் செயலின் நன்மையோடு, வெளியே கைகால்களால் நிகழும் செயல் மேலும் ஏதாவது நன்மையைச் சேர்க்கிறதா? அவர் முடிவு நுட்பமானது. செய்ய வழி இருந்தும் செய்யாமல் நிற்கிறவனுடைய விருப்பம் முழுமையான விருப்பமே அன்று. ஆனால் முழு மனத்தோடு செய்ய முற்பட்டவனுக்கு, அவன் குற்றம் எதுவும் இல்லாமல், வழி அடைபட்டுப் போகுமானால் அந்தக் குறை அவனுடையது அன்று. அவனுக்குரிய பலனில் அது ஒன்றையும் குறைப்பதில்லை. மழை பெய்தது டீச்சரம்மாளின் குற்றமா?

இந்த விடை சரியான விடைதான். ஆயினும் அவசரப்பட்டு இதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஏனெனில், எண்ணத்தில் மட்டும் நல்லவர்களாக இருப்பதைப்போல மலிவான காரியம் உலகில் வேறில்லை. லாட்டரியில் கோடி ரூபாய் விழுந்தால் அநாதை விடுதி கட்டுவேன் என்று சொல்லாதவர் யார்? அக்குவினாஸ் வைத்த நிபந்தனையைக் கவனியுங்கள்: விருப்பம் முழுமையாக இருக்க வேண்டும். அது முழுமையா, அரைகுறையா என்பதை எப்படி அறிவது? கூட்டம் வருகிற நாளில் அறிய முடியாது. வெயில் அடிக்கும் நாளில், பிள்ளைகள் ஓடி வந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்து, கடல்நாயைப் பார்த்துக் கூச்சலிடும் நாளில், அங்கே இருப்பதற்கு எவருக்கும் ஆசை வரும். அங்கே சேவையும் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது, பொழுதுபோக்கும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மழை நாளில் மற்ற இரண்டும் கழன்றுபோய்விடுகின்றன. மிச்சம் இருப்பது என்ன என்பது அன்றைக்குத்தான் தெரியும். யாரும் பார்க்காதபோது, யாரும் பார்க்கப் போவதுமில்லை என்று ஏறக்குறைய நிச்சயமானபோது, அந்த அம்மாள் கண்ணாடியை இரண்டாம் முறை துடைத்திருக்கிறார். அவர் ஒரு பொருட்டாக நினையாமல் எழுதிய அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இங்கே மகள் பக்கமிருந்து ஒரு தடை எழும்பும். “அம்மாவின் மனசு நல்லதென்று எனக்குத் தெரியாதா? நான் கேட்டது அதை அல்ல. யாருக்குப் பிரயோசனம் என்று கேட்டேன்” என்பாள். நியாயமான தடை. நற்செயல் என்பது செய்கிறவனுடைய ஆத்துமத்தை அழகுபடுத்திக்கொள்ளும் அலங்காரம் மட்டும் என்றால், அது தன்னலத்தின் இன்னொரு வடிவமே. பந்தலின் நோக்கம் தாகம் தீர்ப்பது. பந்தல்காரனின் மேன்மை அன்று.

இதற்கு விடை தேட நமது பழைய வீடுகளின் திண்ணையை நினைத்துப் பார்க்கலாம். தெருவைப் பார்த்து, சுவரோரமாக, தலை வைத்துப் படுக்கத் திண்டோடு கட்டினார்கள். வழிப்போக்கன் எவனாவது வந்தால் இரவு தங்கிப் போகட்டும் என்பதற்காக. எத்தனை இரவு அது காலியாகக் கிடந்திருக்கும்! ஆனால் ஊருக்குள் திண்ணை உண்டு என்ற நம்பிக்கையில்தான் வழிப்போக்கன் பொழுது சாயும் நேரத்திலும் துணிந்து அடுத்த ஊருக்கு நடந்தான். அவன் வேறு வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கலாம். விடியும்வரை நிலவில் நடந்தே போயிருக்கலாம். இருந்தாலும் எல்லாத் திண்ணைகளும் அவனுக்கு உதவின. திறந்திருக்கும் கதவு, நுழைந்தவனுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட பொருள் அன்று. நுழையலாம் என்றிருந்த எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. விருந்தோம்பலைச் சொல்லும்போது திருவள்ளுவரும், வந்த விருந்தைப் பேணி அனுப்பியதோடு நிறுத்தாமல், வரப்போகும் விருந்தை எதிர்நோக்கியிருப்பவனைப் போற்றுகிறார். எதிர்நோக்கியிருப்பதையும் அவர் விருந்தோம்பலின் பாகமாகவே எண்ணியிருக்கிறார் என்பது என் துணிபு.

அந்த லிசார்ட் கரையே இதற்கு வலுவான சான்றுகளை வைத்திருக்கிறது. 1907 மார்ச் 17-ம் நாள் இரவு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ‘சூவிக்’ என்னும் பெரிய பிரயாணிக் கப்பல் அடர்ந்த மூடுபனியில் அந்த முனைக்கருகே பாறையில் ஏறிவிட்டது. கப்பலில் பெண்களும் கைக்குழந்தைகளும் மிகுதி. சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து நான்கு உயிர்காப்புப் படகுகளில் செம்படவர்களும் மற்றத் தொண்டர்களும் துடுப்புப் போட்டுப் போனார்கள். இரவெல்லாம், மறுநாளும், போவதும் வருவதுமாக 456 பேரைக் கரை சேர்த்தார்கள். ஒரு உயிரும் போகவில்லை. அந்தப் படகுகள் அதற்கு முன் எத்தனை நாட்கள் கொட்டகையில் சும்மா நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நின்ற நாட்களுக்கும் ஓடிய இரவுக்கும் தனித்தனிக் கணக்கு வைக்க முடியுமா?

இன்னொன்று, நமது காலத்தில் நடந்தது. பிரிட்டனின் கடலோரக் காவல் துறை, வானொலிக் கருவிகள் வந்துவிட்டன, கண்ணால் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டியதில்லை என்று கரையோரத்துக் காவல் மேடைகளைப் பல இடங்களில் மூடியது. லிசார்டில் பாஸ் பாயிண்ட் என்னும் இடத்தில் இருந்த மேடையும் மூடப்பட்டது. அதன் பிறகு, அந்த மூடிய மேடையின் பார்வைக்குள்ளேயே, இரண்டு செம்படவர்கள் கடலில் மாண்டார்கள். ஊரார் மனம் பொறுக்கவில்லை. 1994-ல் அவர்களே அந்த மேடையைத் திறந்து, தங்களுக்குள் முறை வைத்துக் காவல் இருக்கத் தொடங்கினார்கள். தேசியக் கரைக்காவல் நிறுவனம் அப்படிப் பிறந்தது. இன்று 50-க்கும் மேற்பட்ட மேடைகளில் சம்பளமில்லாத் தொண்டர்கள் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு சரித்திரங்களையும் சொல்லிவிட்டு, “ஆகவே டீச்சரம்மாள் செய்ததும் இதுவே” என்று முடித்துவிட எனக்கு ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. வருகையாளர் கூடம் உயிர்காப்புப் படகு அன்று. அது ஒரு நாள் பூட்டிக் கிடந்தால் ஒருவரும் மூழ்கிச் சாகப்போவதில்லை. ஒருவர் நனைந்துகொண்டே திரும்பிப் போவார், ஒரு பறவையின் பெயரை அறியாமல் போவார், அவ்வளவுதான். சிறிய நன்மையைச் சிறிய நன்மை என்று சொல்ல நமக்குத் தைரியம் வேண்டும். நமது சிறு தொண்டுகளைப் பெரிய வீரச்செயல்களின் உடையில் பார்த்தால்தான் நமக்கு அவற்றில் மனம் நிற்கும் என்றால், நாம் தேடுவது தொண்டு அன்று. மழையில் வந்த ஒருவருக்கு உலர்ந்த நாற்காலியும், “வாருங்கள்” என்ற ஒரு சொல்லும் கிடைப்பது சிறிய காரியம். சிறியதாகவே இருந்து நல்லதாக இருப்பதில் அதற்கு ஒரு குறைவும் இல்லை.

சிறிய நன்மை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மகளின் கேள்வியில் உள்ள அடுத்த முள் குத்துகிறது. அதே ஆறு மணி நேரத்தில் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாமே? மகள் இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குகிறவள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. இங்கே நான் டீச்சரம்மாளின் பக்கம் முழுவதும் சாயமாட்டேன். சிறிய நன்மைக்காகப் பெரிய கடமையை விடுவது தருமம் அன்று. வீட்டில் குழந்தைக்குச் சுரம் அடிக்கையில் பந்தலில் உட்கார்ந்திருப்பவனை யாரும் மெச்ச வேண்டியதில்லை. ஆனால் மகள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைகள் அந்த நேரத்தில் பள்ளியில் இருக்கிறார்கள். மகளின் மனத்திலிருப்பது வேறொன்று என்று நினைக்கிறேன்: தாயாரின் முதுமைக் காலத்தின் ஒவ்வொரு மணியும் யாருக்காவது கண்காணப் பயன்பட வேண்டும் என்ற எண்ணம். மூத்தவர்களின் நேரம் வீட்டாருக்குச் சொந்தம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பாட்டி என்றால் பிள்ளை பார்க்க, தாத்தா என்றால் ரேஷன் கடை வரிசையில் நிற்க. அவர்களுக்கும் தாங்களாகவே தெரிந்தெடுத்து, வெளியாருக்குக் கொடுக்க ஏதாவது இருக்கும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. வாரத்தில் ஆறு நாள் வீட்டுக்கும் ஒரு நாள் அந்நியருக்கும் என்று ஒரு மூதாட்டி பங்கு போட்டுக்கொண்டால், அந்த ஒரு நாளையும் கணக்குக் கேட்பது கொஞ்சம் அதிகம்.

கடிதத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில், இன்னொரு விஷயமும் இருந்தது. உண்மையில் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிதாகப் பட்டது. கூடத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. அன்றன்று வந்தவர் எத்தனை பேர் என்று அதில் எழுதிவைக்க வேண்டும். அவரோடு வேலை பழகிய ஒரு தொண்டர் முன்பே சொல்லிவைத்திருக்கிறார்: “மழை நாளில் ஏழெட்டு என்று போட்டுவிடுங்கள். கணக்குக் குறைந்தால் மேலிடத்தில் கூடத்தையே மூடிவிடுவார்கள்.” டீச்சரம்மாள் கேட்கிறார்: “நல்ல காரியம் நிலைக்க வேண்டும் என்று எட்டு என்று எழுதினால் அது பாவமா, சுவாமி? நான் 0 என்றுதான் எழுதினேன். எழுதிவிட்டு, கூடத்துக்கு நானே குழி தோண்டுகிறேனோ என்று வருத்தப்பட்டேன்.”

அவர் எழுதியதே சரி. பொய் பொய்தான் என்ற பொது நியாயம் ஒருபுறம் இருக்க, இந்தப் பொய்யில் தனியாக ஒரு கேடு இருக்கிறது. கூடத்தைத் திறந்து வைப்பதா, மூடுவதா, குளிர்காலத்தில் மட்டும் மூடுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கையில் இருக்கும் ஒரே கண் இந்தப் பதிவேடு. அதில் எட்டு என்று எழுதுகிறவன், தான் உட்கார்ந்திருந்ததை வெறும் உட்கார்ந்திருப்பு என்று தானே நம்பிவிட்டான். ஆகையால்தான் அதை மறைக்கிறான். சும்மா காத்திருந்ததும் தொண்டுதான் என்று மெய்யாகவே எண்ணுகிறவனுக்கு 0 என்று எழுதக் கை கூசாது. உண்மையாகவே ஆண்டு முழுவதும் ஒருவரும் வராத கூடம் என்றால், அதை மூடிவிட்டு அந்தத் தொண்டர்களை வேறு இடத்துக்கு அனுப்புவதில் தவறு ஏதும் இல்லை. கதவு திறந்திருப்பது நல்லது என்பதால், எல்லாக் கதவும் எந்நாளும் திறந்திருக்க வேண்டும் என்றாகிவிடாது.

ஆனால் அந்தப் பூஜ்யத்தைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பூஜ்யங்கள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. வருகையாளர் கூடத்தில் 0 என்றால் அன்று யாரும் வரவில்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. காவல் மேடையில், “இன்று விபத்து 0” என்று இருந்தால் அது இரண்டு விதமாகப் பொருள்படும்: காவலுக்கு அவசியம் இல்லை என்றும் ஆகலாம், காவல் இருந்ததால் விபத்து இல்லை என்றும் ஆகலாம். ஏட்டை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

இதே லிசார்ட் கரையில் இந்த இரண்டாவது விதமான பூஜ்யத்துக்கு ஓர் அழகான திருஷ்டாந்தம் இருக்கிறது. சஃப் என்று ஒரு பறவை. காக்கை ஜாதிதான், ஆனால் அலகும் கால்களும் செக்கச்செவேல் என்றிருக்கும். கார்ன்வால் நாட்டின் சின்னத்திலேயே அதற்கு இடம் உண்டு. மேய்ச்சல் குறைந்ததாலும், மனிதர் வேட்டையாடியதாலும், முட்டைகளைத் திருடிச் சேகரித்ததாலும் அது அங்கே அருகிப் போயிற்று. 1947-க்குப் பிறகு அங்கே அது குஞ்சு பொரிக்கவில்லை. கடைசியாக மிஞ்சியிருந்த ஜோடியில் ஒன்று 1967-ல் இறந்தது. மற்றது தன்னந்தனியாக 1973 வரை அந்தப் பாறைகளின்மேல் பறந்துகொண்டிருந்து அதுவும் போயிற்று. பிறகு 2001-ல், ஒருவரும் கொண்டுவந்து விடாமல், தாமாகவே சில பறவைகள் கடல் கடந்து லிசார்டுக்கு வந்து சேர்ந்தன. மறு ஆண்டு ஒரு ஜோடி கூடு கட்டியது. முட்டைத் திருடர்கள் வரக்கூடும் என்று தொண்டர்கள் இரவும் பகலும் முறை வைத்து அந்தக் கூட்டுக்குக் காவல் இருந்தார்கள். பாறைப் பிளவுக்குள் இருக்கும் கூடு. காவலிருந்தவர்கள் பார்த்ததில் முக்கால்வாசி வெறும் பாறையாகத்தான் இருந்திருக்கும். திருட்டு 0. அந்தக் கோடையில் மூன்று குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்தன.